சுகர் பார்த்துட்டு அடுத்த வாரம் வாங்க

8 மார்ச் 2022, செவ்வாய்

ஆஸ்பத்திரி டைரக்டர் இன்று டெபோரா என்று ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். புள்ளியியல் நிபுணராம். வயது முப்பத்தைந்து இருக்கும். வாழ்க்கையில் ஒரு வயிற்றைக்கூடத் திறந்து பார்த்திராதவள். ஹெர்னியாவுக்கு எந்த ஆபரேஷன் நல்லது என்று அவள் கண்டுபிடித்து எனக்குச் சொல்லப் போகிறாளாம்.

எனக்கு! இருபத்தெட்டு வருஷமாகத் தொடை இடுக்கில் நாலு விரற்கடை கிழித்து, குடலை உள்ளே தள்ளி, வலை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கும் பக்தவச்சலத்துக்கு. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

எதிர்க்கட்சி ஸ்ம்ருதி. போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தவள். அவள் செய்வது லேப், அதாவது லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் மூன்று துளை, உள்ளே ஒரு கேமரா, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே வேலை. வீடியோ கேம்.

திட்டம் இதுதான். நூற்று அறுபது நோயாளிகள். பாதிப் பேர் என்னிடம் ஓபன், அதாவது கிழித்துச் செய்வது; பாதிப் பேர் ஸ்ம்ருதியிடம் லேப். யார் எந்தப் பக்கம் என்று நாங்கள் முடிவு செய்யக் கூடாது. குலுக்கல்தான் முடிவு செய்யும். ஒரு வருஷம் கழித்து வலி இருக்கிறதா, வீக்கம் திரும்ப வந்ததா என்று கேட்டு எழுதுவார்கள்.

"குலுக்கிப் போட்டு வயித்தைக் கிழிக்கறதா? இது என்ன ஏலச்சீட்டா?" என்றேன். டைரக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"டாக்டர் ஆளைத் தேர்ந்தெடுத்தா லேசான கேஸெல்லாம் ஒரே பக்கம் போயிடும் சார். அவங்களுக்கே தெரியாமப் போயிடும். அதனாலதான்" என்றாள்.

என் மூஞ்சியைப் பார்த்தே சொன்னாள். எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்.

22 மார்ச்

இன்று ஒரு சண்டை, ஜெயித்தேன்.

நோயாளி கையெழுத்துப் போட்டதும் டெபோராவின் ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டுமாம். அவள் கம்ப்யூட்டரைத் தட்டி ஓபன், லேப் என்று சொல்வாளாம். "ஓ.பி.ல நூறு பேர் நிக்கறாங்க. உங்ககிட்ட பர்மிஷன் கேட்டுக்கிட்டு நான் அறுக்கணுமா?" என்று கத்தினேன். டைரக்டர் என் பக்கம் சாய்ந்தார். கடைசியில் கவர் என்று முடிவாயிற்று. ஒன்றிலிருந்து நூற்று அறுபது வரை நம்பர் போட்டு ஒட்டிய கவர்கள், என் ஓ.பி. அறை டிராயரில். சிஸ்டர் ஞானசௌந்தரி வரிசைப்படி எடுத்துத் தருவார்.

உள்ளே இருப்பது தெரியாத கெட்டிக் கவராக இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள் டெபோரா. ஸ்டோரில் வாங்கிக் கொடுத்தது சாதாரண பழுப்புக் கவர். இருக்கட்டும், எனக்கென்ன.

3 ஜூன், வெள்ளி

இதுவரை இருபத்திரண்டு கவர் பிரித்தாயிற்று. எனக்குப் பன்னிரண்டு. அதில் ஏழு பேர் தொப்பை, மூன்று பேருக்குச் சர்க்கரை, ஒருவர் இருமி இருமி நான் போட்ட தையலைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஸ்ம்ருதிக்கு யார்? ஜிம்முக்குப் போகிற பையன்கள். பேட்மிண்டன் ஆடுகிற பேங்க் ஆபீசர். அந்த வயிற்றைத் தைக்க டாக்டரே வேண்டாம், டெய்லர் போதும்.

டெபோராவிடம் கேட்டேன். "தற்செயல் சார். போகப் போகச் சமமாயிடும்" என்றாள்.

தற்செயலாம். என் பேர் போகிற வரைக்கும் தற்செயல் என்றுதான் சொல்வாள்.

14 ஜூன், செவ்வாய்

எக்ஸ்ரே பார்ப்பதற்காகச் சுவரில் இருக்கிற பழைய வெளிச்சப் பெட்டி. இப்போதெல்லாம் படம் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடுகிறது. யாராவது வெளியிலிருந்து ஃபிலிம் கொண்டுவந்தால்தான் அதற்கு வேலை. இன்று ஒருவர் கொண்டுவந்தார். ஃபிலிமைச் செருகும்போது கையிலிருந்த, இன்னும் பிரிக்காத குலுக்கல் கவரும் அதன்மேல் பட்டது.

'லேப்' என்று தெரிந்தது. திருப்பிப் போட்டிருந்ததால் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரிந்தது. ஆனால் தெளிவாக.

சிஸ்டர் அப்போது மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

17 ஜூன், வெள்ளி

எழுதி வைக்கிறேன். எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அடுத்த கவரை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், ஓபன். அடுத்த ஆள் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், நூற்றிரண்டு கிலோ. "சுகர் கொஞ்சம் ஜாஸ்தி மாதிரி தெரியுது. சுகர் பார்த்துட்டு அடுத்த வாரம் வாங்க" என்றேன். போய்விட்டார். அவருக்குப் பின்னால் செம்பாக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒல்லி. அவரை உட்கார வைத்து, எல்லாம் விளக்கி, கையெழுத்து வாங்கி, கவரைப் பிரித்தோம். ஓபன். சிஸ்டர் எழுதிக்கொண்டார்.

கவரின் வரிசையை நான் மாற்றவில்லை. ஒன்றையும் முன்னாலேயே பிரிக்கவில்லை. நோயாளியின் வரிசையைத்தான் மாற்றினேன். சர்ஜரி டாக்டர் ஒரு நோயாளியைச் சுகர் டெஸ்டுக்கு அனுப்புவதில் என்ன தப்பு? தினமும் செய்கிறதுதானே?

ரயில்வேக்காரர் அடுத்த வாரம் வருவார். அப்போது கவர் லேப் என்றிருந்தால் ஸ்ம்ருதியிடம் போகட்டும். எல்லாவற்றையும் துளை வழியாகவே செய்துவிடுகிற மகாராணி ஆயிற்றே, செய்யட்டும்.

28 ஜூன்

இன்று இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

4 டிசம்பர், ஞாயிறு

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கோவளத்திலிருந்து ஒரு மீனவர், ஃபிரெடி. முப்பத்தெட்டு வயது, எலும்பும் தசையும்தான். என் பக்கம் வர வேண்டிய உடம்பு. அவர் வருகிற நாளெல்லாம் அடுத்த கவர் லேப்பாகவே இருந்தது. நானும் சுகர், சுகர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "இன்னா டாக்டரே, மூணு தபா வந்துகினு கீறேன். சுகரே இல்லன்னு ரத்தம் எடுக்குற பொண்ணு சொல்லுது. நீ இன்னான்னா திரும்பத் திரும்ப அதையே சொல்ற. படகு சும்மா கெடக்குது, பேஜாரா கீதுபா." இன்னும் ஒரு வாரம் என்றேன்.

இன்று மத்தியானம் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். குடல் சிக்கிக் கறுத்துவிட்டது. ஸ்ம்ருதிதான் டியூட்டி. தகவல் வந்து, நான் செம்பாக்கம் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஓபன் செய்து, ஓர் அடிக் குடலை வெட்டி எடுத்து, இணைத்துக்கொண்டிருந்தாள். ஆமாம், ஓபன். துளையெல்லாம் இல்லை. வாசலில் நின்று பார்த்தேன். கை கழுவி உள்ளே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவள் தையல் போட்ட விதத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆள் பிழைத்துவிட்டார். அவசர கேஸ் என்பதால் ஆராய்ச்சியில் சேராது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க சொன்ன சுகர் டெஸ்ட்டெல்லாம் கரெக்டா எடுத்தோம் சார்" என்று அழுதார். ச்சே.

6 டிசம்பர், செவ்வாய்

நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கவரை வெளிச்சப் பெட்டியில் வைக்காமலேயே பிரிக்கச் சொன்னேன். ஓபன். ஆள் தொண்ணூற்றைந்து கிலோ, அதோடு ஆஸ்துமா.

சாயங்காலம் ஸ்ம்ருதி நடைபாதையில் இரண்டு பயிற்சி டாக்டர்களோடு சிரித்துக்கொண்டு போனாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். எதற்கு நிறுத்த வேண்டும்?

9 டிசம்பர், வெள்ளி

நிறுத்தவில்லை.

16 பிப்ரவரி 2023

டெபோரா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். என்னைக் கேட்காமலே உட்கார்ந்தாள்.

"உங்க பக்கம் சராசரி வயசு நாப்பத்தாறு. ஸ்ம்ருதி பக்கம் அம்பத்தி நாலு. எடையில பதினோரு கிலோ வித்தியாசம். குலுக்கல்ல இப்படி வராது சார்."

"நீங்கதானே தற்செயல்னு சொன்னீங்க?"

"அப்ப இருபத்திரண்டு பேர். இப்ப தொண்ணூறு பேர்." பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தாள். "சுகர்னு திருப்பி அனுப்பினவங்க லிஸ்ட். பாதிப் பேருக்கு மேல சுகர் நார்மல். ரிசல்ட் வந்தப்புறமும் ரெண்டாந்தடவை அனுப்பியிருக்கீங்க. எதுக்கு சார்?"

எனக்கு வந்ததே கோபம். என் தகுதி என்ன, உன் தகுதி என்ன, கத்தி பிடித்திருக்கிறாயா, ரத்தம் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். ஓ.பி. முழுக்கக் கேட்டிருக்கும். சிஸ்டர் ஞானசௌந்தரி தலையைக் குனிந்துகொண்டார். என்மேல் சந்தேகம் என்றால் எழுத்தில் கொடு, மானநஷ்ட வழக்குப் போடுகிறேன் என்றேன்.

"கவரை என் ஆபீசுக்கு மாத்துங்கன்னு மட்டும் கேக்கறேன்" என்றாள்.

"முடியாது. டைரக்டர்கிட்ட போங்க."

போனாள். அவளுக்கு முன்னால் நான் போயிருந்தேன்.

3 மார்ச்

கவர்கள் என் டிராயரிலேயே இருக்கும். டெபோராவிடம் நிரூபணம் ஒன்றும் இல்லை. டைரக்டர் அவளிடம், "மரியாதையா நடந்துக்குங்க, சீனியர் மனுஷர்" என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

20 ஜனவரி 2025, திங்கள்

ரொம்ப நாளாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் நல்லபடியாகவே போயிற்று.

ரிசல்ட் வந்துவிட்டது. ஒரு வருஷம் கழித்தும் வலி என்று சொன்னவர்கள் என் பக்கம் எண்பதில் ஐந்து பேர், ஸ்ம்ருதி பக்கம் எண்பதில் பதினான்கு பேர். ஓபன்தான் நல்லது. நான் சொன்னதையே மூன்று வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

டெபோரா கட்டுரையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தன் பெயரையே எடுத்துவிட்டாள். வேலையையும் விட்டுவிட்டாள். வண்டலூர் பக்கம் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாளாம். வேறொரு ஆளைப் பிடித்து, வயது வித்தியாசத்தைக் கணக்கில் சரிசெய்துவிட்டோம் என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்தோம்.

22 மார்ச்

சர்ஜன்கள் மாநாட்டில் சால்வை போட்டார்கள். என் மனைவி ரமா முதல் வரிசையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள்.

இனிமேல் எங்கள் ஆஸ்பத்திரியில் ஹெர்னியாவுக்கு ஓபன்தான் என்று டைரக்டர் அறிவித்துவிட்டார். லேப் கருவிகள் பிரசவ வார்டுப் பக்கம் போய்விட்டன. ஸ்ம்ருதி ராஜினாமா. பெருங்களத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். "உங்க கை மாதிரி எனக்கு வரலை சார்" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னாள்.

"போகப் போக வரும்மா" என்றேன். பெரிய மனுஷன் நான்.

8 ஜூன், ஞாயிறு

குளிக்கும்போது இருமினேன். வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று வந்து விரலை முட்டிவிட்டுப் போயிற்று.

இன்னொரு தடவை இருமினேன். திரும்ப வந்தது.

10 ஜூன்

ரமாவிடம் சொன்னேன். "இதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கீங்க? ஓபன் நல்லதுன்னு உங்க பேப்பர்லயே போட்டிருக்கு. போய்ப் பண்ணிக்கோங்க" என்றாள். ஊரே அதைத்தான் சொல்லும்.

15 ஜூன், ஞாயிறு

ஆராய்ச்சிப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். என்னைத் தேடினேன். என்னை என்றால் என்னைப் போன்ற ஆளை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல், எண்பத்தைந்து கிலோவுக்கு மேல், சர்க்கரை உண்டு. எனக்கு ஐம்பத்தொன்பது, தொண்ணூற்று நான்கு கிலோ, சர்க்கரை பதினோரு வருஷம்.

என் பக்கத்து எண்பது பேரில் அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் வெளிச்சப் பெட்டித் தந்திரம் தொடங்குவதற்கு முன்னால் வந்தவர்கள். அதில் இரண்டு பேருக்கு இன்னும் வலி இருக்கிறது.

ஸ்ம்ருதி பக்கம் முப்பத்துநான்கு பேர். ஏழு பேருக்கு வலி.

மூன்று பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முப்பத்துநான்கை எதோடு ஒப்பிடுவது? நூற்று அறுபது பேரின் வயிறு, மூன்று வருஷம், சால்வை — எல்லாம் இருக்கிறது. ஐம்பத்தொன்பது வயதுச் சர்க்கரைக்காரனுக்கு எது நல்லது என்பது மட்டும் அதில் இல்லை. நான்தானே எடுத்தேன்? ஒவ்வொருத்தனாகச் சுகர் பார்த்துட்டு வா, சுகர் பார்த்துட்டு வான்னு நானேதானே தொரத்தினேன்? ஒருத்தனையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா, மடையா?

இந்த ஐந்து மாதத்தில் என் கட்டுரையைக் காட்டி எத்தனை தொப்பைக்காரர்களுக்கு ஓபன் செய்திருப்பேன்? மற்ற ஆஸ்பத்திரிகளில் எத்தனை?

4 ஜூலை, வெள்ளி

வண்டலூர் போனேன். டெபோரா வகுப்பு முடித்துவிட்டு வந்தாள். உட்காருங்கள் என்று சொன்னாள், காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெளிச்சப் பெட்டி, சுகர், ஃபிரெடி.

"எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்க?"

"கணக்கு வெச்சுக்கலை."

"நான் வெச்சிருக்கேன் சார். அறுபத்தொண்ணு."

பிறகு மேஜையில் இருந்த விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தாள். "உங்களுக்கு ஹெர்னியா வரலைன்னா இங்க வந்திருப்பீங்களா?" என்றாள்.

"வந்திருக்க மாட்டேன்."

"அப்ப ஹெர்னியாவைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம். மனசு மாறி வந்த மாதிரி இருக்கும். கவரைப் பத்தி மட்டும் எழுதுங்க. இங்கயே, இப்பவே."

அவளுடைய மேஜையில் உட்கார்ந்து எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதினேன். இரண்டு பக்கம். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் நிற்பது போலப் பக்கத்திலேயே நின்றாள். படித்துப் பார்த்துவிட்டு, ஒரு இடத்தில் 'தவறுதலாக' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னாள். அடித்தேன்.

"எனக்கு இப்ப ஓபனா, லேப்பா? நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"தெரிஞ்சுக்கத்தான் சார் அந்த ஆராய்ச்சியே நடத்தினோம்" என்றாள்.

29 ஆகஸ்ட்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். டிபார்ட்மென்ட் தலைமை போயிற்று. டைரக்டர் என் கண்ணைப் பார்க்காமல் பேசுகிறார், அவர் மட்டும் அன்று என் பக்கம் சாயாதவர் போல. ரமா சால்வையை எங்கே எடுத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் இரண்டு வாரமாகச் சாப்பிட வாங்க என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

வீக்கம் பெரிதாகிவிட்டது. பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறேன்.

19 செப்டம்பர், வெள்ளி

பெருங்களத்தூர். டோக்கன் நம்பர் பதினேழு. ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

ஸ்ம்ருதிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டெபோரா சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

"ஒண்ணரை வருஷம் சார். எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கஷ்டமான ஆளாவே வர்றாங்கன்னு நினைப்பேன். அப்புறம், ஆளெல்லாம் சமம்தான், குலுக்கல்தானே, என் கைதான் சரியில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். ஒவ்வொரு கேஸ் முடிச்சிட்டும் பாத்ரூம்ல போய் நின்னு அழுவேன். உங்களுக்கு அது தெரியாது. வேற யார்கிட்டயாவது போங்க சார். ப்ளீஸ்."

எழுந்திருக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னேன். என்னைப் போன்ற உடம்பை இந்தப் பக்கத்தில் அதிகம் பார்த்த கை உன்னுடையதுதான். முப்பத்துநான்கு பேர். மோசமானவர்களாகப் பொறுக்கியெடுத்து நான்தான் அனுப்பினேன். அவர்களிலேயே இருபத்தேழு பேருக்கு நீ வலியில்லாமல் செய்திருக்கிறாய். வேறு யாரிடம் போவேன்?

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. எழுந்து திரையை இழுத்துவிட்டாள். "படுங்க, பாக்கறேன்" என்றாள்.

இருமச் சொன்னாள், இருமினேன். அவள் விரல் அளந்து வைத்தாற்போல் சரியான இடத்தில் நின்றது.

"ஓபனா லேப்பா சார்?"

"நீயே சொல்லு."

"உங்க உடம்புக்கு எது நல்லதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்குக் கைவந்தது லேப். அதைப் பண்றேன்." தேதி எழுதினாள். எழுதும்போது மேஜையில் இருந்த என் சுகர் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சுகர் ஜாஸ்தியாத்தான் இருக்கு. ஆனா திருப்பி அனுப்ப மாட்டேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

15 அக்டோபர், புதன்

நேற்று ஆயிற்று. மூன்று துளை. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்துக் கோணுகிறது. வலி இருக்கிறது, தாங்கலாம்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஸ்ம்ருதி மேஜைப் பக்கத்தில் வந்து நின்றாள். சம்மதப் படிவத்தில் என் கையெழுத்தைச் சரிபார்த்தாள். மற்றவர்கள் காதில் விழாமல், குனிந்து கேட்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு. நான் நல்லாத்தான் பண்றேன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சதாலதான் அப்படிப் பண்ணினேன்."

அவள் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.